பெயர் ஒன்று, சிப் மூன்று

கெட்டுப்போய்விட்டதென்று குப்பைக்குப் போன பழைய சவுண்ட் கார்டுகளில் பல, உண்மையில் கெட்டவையே அல்ல. பொருத்தமான டிரைவர் கிடைக்காததால் வாயடைத்துப் போனவை.

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1998-ல் 'சவுண்ட் பிளாஸ்டர் லைவ்' கார்டை வெளியிட்டது. விற்பனை அமோகம். பிறகு டெல் கம்ப்யூட்டர்களுக்கென்று வந்த ஒரு வகைக்கும் 'லைவ்' என்றே பெயர். 'லைவ் 24-பிட்' என்று இன்னொன்றும் வந்தது. மூன்றிலும் சிப் வேறு வேறு. ஒன்றின் டிரைவர் மற்றதற்குச் சேராது. பெட்டிமேல் இருக்கும் பெயரை நம்பி டிரைவர் தேடுபவருக்கு இது பெரிய அநியாயம்தான்.

ஆகவே பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்க வேண்டும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு நிற்கும் பெயரைத் திறந்து, 'டீடெய்ல்ஸ்' பகுதியில் 'ஹார்ட்வேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் நீளமாக ஒரு வரி வரும். அதில் முதலில் வரும் 1102, கிரியேட்டிவுக்கு உரியது. அடுத்து 0002 என்றிருந்தால் முதலில் வந்த லைவ். 0006 டெல் வகை. 0007 என்றால் 24-பிட். இந்த எண்களை வைத்துத் தேடினால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

சரியான டிரைவரே கையில் இருந்தும் ஏன் சில சமயம் ஓடுவதில்லை? 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் ஒலி அமைப்பையே மாற்றிக் கட்டியது. அதற்கு முந்தைய எக்ஸ்பி காலத்து டிரைவர் சிடிகள் பல அத்தோடு பயனற்றுப் போயின. 64-பிட் விஸ்டாவோ, டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவரை உள்ளேயே விடாது. கிரியேட்டிவ் கார்டுகள் விஸ்டாவில் இழந்த வசதிகளை, டிரைவரைத் திருத்தி மீட்டுத் தந்தார் தனி நிரலாளர் ஒருவர். 2008 மார்ச்சில் நிறுவனம் அவரைத் தடுக்கப் பார்த்ததும் வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள் உழைக்க வேண்டுமென்று கேட்பது நியாயம்தானே?

டிரைவர் தேடும்போது, 'எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்' என்று ஆசைகாட்டும் மென்பொருள்களின் பக்கமே போக வேண்டாம்; வேண்டாத நிரல்களும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளலாம்.

கார்டு உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்க்க லினக்ஸ் உதவும். மேலே சொன்ன மூன்று சிப்புக்கும் டிரைவர் அதன் கெர்னலிலேயே உண்டு. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க்கைத் தொட வேண்டியதில்லை. அப்போதும் சத்தம் வராவிட்டால் உடனே கைவிட வேண்டாம். ஒலி மிக்சரில் ஏதாவது மியூட் ஆகியிருக்கிறதா, சில கார்டுகளுக்கு உள்ள அனலாக்-டிஜிட்டல் சுவிட்ச் டிஜிட்டல் பக்கம் நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். சாதாரண ஸ்பீக்கருக்கு அது அனலாக் பக்கம் இருக்க வேண்டும்.