கூரையைப் பிரித்த நால்வர்

மாற்கு 2:1-12



கப்பர்நாகும் ஊரில் ஆண்டவர் இயேசு ஒரு வீட்டில் போதித்துக்கொண்டிருக்கிறார். முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் படுக்கையோடு சுமந்து வருகிறார்கள். உள்ளே போக முடியவில்லை. ஏன்? கதவு பூட்டியிருந்ததா? இல்லை. காவலர் யாராவது தடுத்தார்களா? அதுவும் இல்லை. வாசலை அடைத்து நின்றவர்கள், இறைவார்த்தையைக் கேட்க வந்த பக்தியுள்ள மக்கள்! அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக மாற்கு சொல்லவில்லை. ஆனால் வழிவிட்டதாகவும் சொல்லவில்லை.

1970களின் இறுதியில், டான் ஷோண்டோர்ஃபர் என்ற அமெரிக்கப் பொறியாளர் தம் மனைவியோடு மொராக்கோ நாட்டுக்குச் சென்றிருந்தார். அங்கே ஒரு பெண் மண்சாலையைக் கடந்துகொண்டிருந்தார். நடந்து அல்ல, தரையில் கைகளை ஊன்றி, உடலை இழுத்து இழுத்து. அந்தக் காட்சி அவர் மனத்தை விட்டு அகலவேயில்லை. ஆனாலும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்துத்தான் அவர் தம் வீட்டு கராஜில் வேலையைத் தொடங்கினார். நம் வீடுகளில் கிடக்கும் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி, கரடுமுரடான பாதையில் ஓடும் சைக்கிள் சக்கரம், ஓர் இரும்புச் சட்டம். எங்கும் மலிவாகக் கிடைக்கும் இவற்றைச் சேர்த்து ஒரு சக்கர நாற்காலி செய்தார். 2001இல் அவர் முதன்முதலாக 4 நாற்காலிகளைக் கொண்டுவந்தது நம் இந்திய நாட்டுக்குத்தான். அவர் தொடங்கிய ‘ஃப்ரீ வீல்சேர் மிஷன்’ அமைப்பு, வளரும் நாடுகளில் 10 லட்சத்துக்கும் அதிகமான நாற்காலிகளை இலவசமாக வழங்கியிருக்கிறது.

ஆனால் முதலில் செய்த நாற்காலி எல்லாருக்கும் ஒரே அளவு. மனித உடல்கள் அப்படியா இருக்கின்றன? எனவே பிற்பாடு, ஆளுக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்கும் வகையில் அதை மாற்றினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே வலியுறுத்துகிறது: நாற்காலியைக் கொடுத்தால் மட்டும் போதாது. பயன்படுத்துபவரின் உடலையும் வாழ்விடத்தையும் அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பொருத்திப் பார்க்க வேண்டும். ஓட்டப் பழக்க வேண்டும். பழுதுபார்க்க வழி செய்ய வேண்டும். முதுகுத்தண்டு அடிபட்டு உணர்விழந்தவருக்கு, சரியான மெத்தை இல்லாத இருக்கையில் புண் வருவதே தெரியாது. அந்தப் புண் உயிரையே எடுத்துவிடலாம்.

ஒன்றை வெட்கத்தோடு சொல்கிறேன். முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், கிறிஸ்மஸ் நாள்களில் ஒரு சகோதரருக்குச் சக்கர நாற்காலி வழங்கினோம். மாலை, கைதட்டல், புகைப்படம் எல்லாம் இருந்தது. தவக்காலத்தில் வீடு சந்திக்கப் போனேன். நாற்காலி திண்ணையில் கிடந்தது. அதன்மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது. “டயர்ல காத்து இல்ல சாமி. இருந்தாலும் இந்த வாசலுக்குள்ள அது நுழையாது” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அளவெடுக்காமல் நாம் ஒரு சட்டைகூடத் தைப்பதில்லை. அவர் வீட்டு வாசலை அளந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. “கோயிலுக்காவது வரலாமே” என்று சொல்ல வாயெடுத்தேன். நம் கோயில் வாசலில் 5 படிகள் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கப்பர்நாகுமில் வாசலை அடைத்து நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன்!

அந்த நால்வரைப் பாருங்கள். படுக்கையை வாசலில் வைத்துவிட்டு, “எங்கள் கடமை முடிந்தது” என்று அவர்கள் திரும்பவில்லை. வழி இல்லை என்றதும் கூரைமேல் ஏறினார்கள். அதைப் பிரித்து, ஆண்டவர் முன்னிலையில் அவரை இறக்கினார்கள். அவர்களுடைய நம்பிக்கையை ஆண்டவர் கண்டார். நடக்கச் செய்யும் வல்லமை ஆண்டவருடையது. வழிவிடும் பொறுப்போ நம்முடையது.

நேயர்களே, இது வெறும் இரக்கச் செயல் அல்ல, நீதி. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையும், நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் தடையின்றிச் சென்றுவருவதை அவர்களின் உரிமையாகவே காண்கின்றன.

இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்வோம். உங்கள் அன்பியத்தில் வீட்டைவிட்டு வெளியே வர இயலாதவர் யார் என்று பாருங்கள். அவரிடமே, “உங்களுக்கு என்ன தேவை?” என்று கேளுங்கள். நாற்காலி இருந்தால் டயரையும் பிரேக்கையும் பாருங்கள். இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அவரோடு செல்லுங்கள். மூன்றாவதாக, உங்கள் ஆலய வாசலைப் பாருங்கள். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சரிவுப்பாதை வேண்டும். அரையடிப் படிகள் 5 என்றால் 30 அடி. கொடிமரத்துக்குச் செலவிட நம்மால் முடிகிறது, இதற்கு முடியாதா?

மன்றாடுவோம்: ஆண்டவரே, உம்மிடம் வருவோருக்கு நாங்கள் தடையாக நின்ற வேளைகளை மன்னியும். கொடுத்ததோடு நின்றுவிடாமல், உடன்நடக்கும் உள்ளத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.