நாமும் கபீல்களே!

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் ஆற்றிய உரை)

 

‘கபீல்’ என்ற சொல்லை அறியாத குடும்பங்கள் நம்மிடையே குறைவு. வெல்டராகவும் எலக்ட்ரீஷியனாகவும் வளைகுடா சென்ற நம் பிள்ளைகள், “பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார், மூன்று மாதச் சம்பளம் தரவில்லை” என்று தொலைபேசியில் அழும்போது அந்தக் கபீலை நாம் சபிக்கிறோம். சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆவது பிரிவு, ஆளை வரவழைக்கும் செலவு, இகாமா கட்டணம், ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பும் டிக்கெட் ஆகியவற்றை முதலாளியின் மீதே சுமத்துகிறது. முதலாளியின் அனுமதிக் கடிதம் இன்றியே வேலை மாறும் உரிமையைக் கத்தர் அரசு 2020இல் வழங்கியது. இவற்றை அறிந்து நாம் மகிழ்கிறோம்.

ஆனால் ஓசூரில் கபீல் யார்? பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம் மாநிலங்களிலிருந்து சிப்காட்டைச் சுற்றியுள்ள பட்டறைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் வந்து சேரும் இளைஞர்களுக்கு நாம்தாம் கபீல். பட்டறை நடத்துவோரும், ஆள் எடுத்துத் தரும் காண்ட்ராக்டர்களும், அவர்களுக்கு அறை வாடகைக்கு விடுவோரும் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். கபீல் என்றால் பொறுப்பேற்பவர் என்று பொருள். உரிமையாளர் என்று பொருளல்ல.

மிஸ்ரிலிருந்து தப்பி, அந்நியராக மத்யனுக்கு வந்த மூஸா (அலை) அவர்களை ஒரு பெரியவர் வேலைக்கு அமர்த்தியதைத் திருக்குர்ஆனின் 28ஆவது அத்தியாயம் கூறுகிறது. காலம் எட்டு ஆண்டுகள் என்று முதலிலேயே பேசப்பட்டது. பத்தாக்குவது வேலை செய்பவரின் விருப்பத்திற்கு விடப்பட்டது. சிரமம் கொடுக்கமாட்டேன் என்ற உறுதியும் தரப்பட்டது. ஆதரவற்று வந்தவர் என்பதற்காக நிபந்தனை மறைக்கப்படவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் தெளிவானது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக 1979இல் இயற்றப்பட்ட சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. பழைய சட்டம் காண்ட்ராக்டர் வழியே வந்தவர்களை மட்டும் காத்தது. புதியது தாமாக வந்து வேலையில் சேர்ந்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வெளிமாநிலத் தொழிலாளர் இருக்கும் நிறுவனம், ஊர் சென்று திரும்பும் பயணச் செலவை, உரிய பணிக்காலம் நிறைந்தவர்களுக்கு ஆண்டுதோறும் தரவேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உள்ளிட்டவை உள்ளூர்த் தொழிலாளிக்கு உள்ளவாறே அவருக்கும் உண்டு. உயிரிழப்போ பெருங்காயமோ நேர்ந்தால் இரு மாநில அதிகாரிகளுக்கும் உறவினருக்கும் தெரிவிக்க வேண்டும். காண்ட்ராக்டர் கூலி தராமல் போனால், வேலை வாங்கிய முதலாளியே தரவேண்டும். “நான் காண்ட்ராக்டரிடம் கொடுத்துவிட்டேன்” என்று சொல்லித் தப்பிக்க இயலாது.

“என்னிடம் நான்கு பேர்தானே” என்று சிலர் கூறலாம். மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் தேர்ந்த வெல்டர் இச்சட்டத்தின் வரையறைக்குள் வரமாட்டார் என்றும் கூறலாம். சட்டத்திற்கு எண்ணிக்கை உண்டு. அமானிதத்திற்கு எண்ணிக்கை இல்லை. நான்கு பேரின் கூலியும் மறுமையில் கேட்கப்படும்.

ஆகவே சகோதரர்களே! வேலைக்கு அழைக்கும் முன்பே கூலி, வேலை நேரம், தங்குமிடம், பிடித்தம் ஆகியவற்றை அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுங்கள். ஆதார் அட்டையையும் ஏ.டி.எம். அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள். தகரக் கொட்டகையில் பத்துப் பேரை அடைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாடகை பிடிப்பது ஹலாலான வருமானம்தானா என்று உங்கள் உள்ளத்தையே கேளுங்கள்.

ரியாதில் நம் பிள்ளைக்கு எத்தகைய கபீல் வாய்க்கவேண்டும் என்று துஆச் செய்கிறோமோ, பாட்னாவிலிருந்து வந்த பிள்ளைக்கு நாம் அத்தகைய கபீலாக இருப்போமாக. அதற்கு வல்ல அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.