பொங்கலோ பொங்கல், ஹொங்கரா ஹொங்கரா

கோப்பாயில், எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று பேசுகிறேன். தைப்பொங்கல் அன்று விடிய முதல் இந்த இடத்தைச் சாணத்தால் மெழுகி, உலக்கையைக் கிடத்தி, அதன் ஓரமாக அரிசிமாவில் கோடு இழுப்போம். நடுவில் மூன்று கல், புதுப்பானை. பால் பொங்கி வழிந்ததும் வெடிச்சத்தம் கிளம்பும். பிறகுதான் அரிசியும் வறுத்த பயறும். பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று அம்மம்மா கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பா.

இந்தச் சடங்கை யப்பானியரின் சடங்கோடு பக்கத்தில் வைத்துப் படித்திருக்கிறார்கள். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

சுசுமு ஓனோ, 1919இல் பிறந்தவர். டோக்கியோவின் கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர், பழைய யப்பானிய மொழியில் ஊறியவர். தம் மொழியின் வேரைத் தேடிப் போனவர் தமிழில் வந்து நின்றார். அவரோடு சேர்ந்து உழைத்தவர்கள் எங்கள் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும். சொற்களை ஒப்பிட்டார்கள். சங்க அகப்பாடல்களை, 4,500 அளவு பாடல்கள் கொண்ட யப்பானின் பழந்தொகையான மன்யோஷுவோடு ஒப்பிட்டார்கள். ஊர் வழக்கங்களுக்குள்ளும் இறங்கினார்கள். மொழியாய்வு சமூக மானிடவியலைத் தொடுவது அங்கேதான்.

யப்பானில் சனவரி 15, 'சிறு புத்தாண்டு'. அன்று சிவப்புப் பயறு போட்டுக் கஞ்சி காய்ச்சுவார்கள். வடக்கே சில ஊர்களில் 'ஹொங்கரா ஹொங்கரா' என்று கூவிக் காகத்துக்கு உணவு வைப்பார்களாம். ஓனோ இதைப் 'பொங்கலோ பொங்கல்' என்பதோடு சேர்த்தார். பழைய யப்பானியத்தின் 'ப' பிறகு 'ஹ' ஆனது. எங்கள் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' ஆனது போல.

கேட்க உடல் சிலிர்க்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். யப்பான் 1873இல்தான் ஐரோப்பிய நாட்காட்டிக்கு மாறியது. அதற்கு முன் சிறு புத்தாண்டு, ஆண்டின் முதல் பூரணையில் வந்தது. எங்கள் பொங்கலோ சூரியன் மகரத்தில் புகும் நாள். ஆகவே திகதி ஒத்துப்போவதை உறவுக்குச் சான்றாக எடுக்க முடியாது. தமிழிலும் யப்பானியத்திலும் வினைச்சொல் வசனத்தின் கடைசியில் வருவதும் சான்றாகாது; அது கொரிய, துருக்கி மொழிகளுக்கும் பொது. மொழியியலாளர் பெரும்பாலோர் ஓனோவின் முடிவை ஏற்கவில்லை. 2008இல் அவர் காலமானார்.

ஆனால் அந்த உழைப்பு வீண் என்று நான் சொல்லமாட்டேன். தினமும் மிதித்து நடக்கும் முற்றத்தை ஆராய்ச்சிக்கு உரிய இடமாக அது எங்களுக்குக் காட்டியது. மசகாசு தனகா என்ற யப்பானிய மானிடவியலாளர் இலங்கைத் தமிழ் மீனவரின் அம்மன் வழிபாட்டை ஊரோடு தங்கி எழுதினார். எங்கள் ஊரை நாங்கள் இன்னும் அப்படி எழுதவில்லை.

வருகிற தைக்கு உங்கள் வீட்டில் முதல் பிடி அரிசி யார் போடுகிறார், என்ன சொல்லிப் போடுகிறார் என்று பார்த்து, ஊர்ப்பெயரோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அம்மம்மாமார் இருக்கும்போதே கேளுங்கள்.