விருந்தினர் வீட்டுப் பிள்ளை கேட்கும் கேள்வி



தைப்பூசத்துக்கு முதல் நாள். பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து முருகப் பெருமானின் வெள்ளி ரதம் தண்ணீர்மலையை நோக்கிப் புறப்படுகிறது. நாட்டுக்கோட்டை நகரத்தார் 1894ஆம் ஆண்டில் கொண்டுவந்த ரதம் அது. வழிநெடுகத் தேங்காய்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அந்தக் கூட்டத்தில் ஒரு வெளிநாட்டுக் குடும்பமும் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பத்து வயது மகள்.

ரதம் நெருங்குகிறது. தேங்காய்கள் சிதறுகின்றன. உடைப்பவர்களில் சீனர்களும் பலர். "ஏன் இவ்வளவு தேங்காயை வீணாக்குகிறார்கள்?" என்று அந்தச் சிறுமி கேட்கிறாள். பக்கத்தில் நிற்கும் நம் இளைஞர் என்ன சொல்வார்? "அது எங்கள் வழக்கம்" என்பார். வழக்கம் என்பது பதிலா?

ஓடு போன்ற ஆணவம் உடைந்தால்தான் உள்ளே இருக்கும் வெண்மை தெரியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நினைத்தது நிறைவேறினால் இத்தனை தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டவர் அந்த வாக்கைக் காப்பாற்றுகிறார். சீனக் குடும்பங்களும் அப்படி நேர்ந்துகொண்டு வருகின்றன. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

மறுநாள் காவடி. அலகு குத்தியவரைப் பார்த்ததும் அந்தத் தாய் மகளின் கண்ணைப் பொத்துகிறார். படக்கருவிகளும் அலகைத்தான் தேடிப் போகின்றன. ஆனால், அலகு குத்திய ஒருவருக்குப் பின்னால் பால்குடம் சுமந்து எத்தனை பேர் நடக்கிறார்கள்! நோயில் கிடந்த பிள்ளை பிழைத்ததற்காக விரதமிருந்து, வெறுங்காலோடு நடக்கும் தாயை யார் படம் எடுக்கிறார்கள்? அவரைச் சுட்டிக்காட்டி, "அந்த அம்மா தன் பிள்ளைக்காக நடக்கிறார்" என்று சொல்லிப் பாருங்கள். பொத்திய கை தானே இறங்கும். எந்த நாட்டுத் தாய்க்கும் அது புரியும்.

அடுத்தது தண்ணீர்ப் பந்தல். சிறுமிக்கு ஒரு குவளை மோர் கிடைக்கிறது. தந்தை பணப்பையைத் திறக்கிறார். பந்தல்காரர் சிரித்துக்கொண்டே கையை அசைத்து மறுக்கிறார். இன்னார் இனத்தார் என்று பார்க்காமல், காசு வாங்காமல், வெயிலில் வந்தவருக்கெல்லாம் கொடுப்பது இந்தத் திருவிழாவின் தனிச்சிறப்பு. அலகைவிட இதுதான் அந்தக் குடும்பத்தின் மனத்தில் நிற்கக்கூடியது.

ஆனால், அதே பந்தலில் காது கிழியச் சினிமாப் பாட்டு ஒலித்தால்? குடித்துவிட்டு நாலு பேர் ஆடினால்? சாலையெங்கும் குவளைகள் கிடந்தால்? விருந்தினர் அதையும்தான் பார்க்கிறார். அதையும்தான் ஊருக்குக் கொண்டுபோகிறார். "நாலு பேர் செய்ததற்கு நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்பதில் பயனில்லை. அந்த நால்வரும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகள்தாம்.

நேயர்களே, வெளிநாட்டார் கேட்கும் கேள்வியை நம் பிள்ளைகள் நம்மிடம் கேட்பதில்லை. பிறந்ததிலிருந்து பார்ப்பதால் கேட்கத் தோன்றுவதில்லை, கேட்காததால் தெரிவதுமில்லை. இடும்பன் இரண்டு மலைகளைத் தோளில் சுமந்த கதையிலிருந்து காவடி வந்தது என்பதும், அன்னை பார்வதி முருகனுக்கு வேல் கொடுத்த நாளே தைப்பூசம் என்பதும் எத்தனை வீடுகளில் பேசப்படுகின்றன?

விருந்தினருக்குச் சொல்வது இருக்கட்டும். முதலில் வீட்டில் சொல்லுங்கள். காரணம் தெரிந்த பிள்ளை பந்தலில் குடித்துவிட்டு ஆடமாட்டான். காரணம் தெரியாத தலைமுறைக்குப் பால்குடமும் ஒருநாள் வெறும் வேடிக்கையாகிவிடும். அப்போது ரதம் ஓடும். பின்னால் நடக்கத்தான் ஆள் இருக்காது.