அமரம் இல்லாத படகு

ஹாங்காங் துறைமுகத்தின் தெற்குக் கரை, சென்ட்ரல், 7ஆம் எண் படகுத்துறை. எதிர்க்கரையில் தெரிவது கவுலூனின் சிம் ஷா சுய். பழைய ரயில் நிலையத்தில் மிஞ்சிய மணிக்கூண்டு அங்கே ஒற்றையாக நிற்கிறது. ஸ்டார் பெர்ரி படகில் ஏறினால் பத்து நிமிடத்தில் அதன் காலடிக்குப் போய்விடலாம்.

அதோ, பச்சையும் வெள்ளையுமாக வருகிறது. நம் கடற்கரை ஆட்கள் படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொல்வார்கள். இதில் அந்தப் பேச்சு எடுபடாது. இரு முனையிலும் சுக்கான் உண்டு. திருப்பாமலே வந்த வழியில் போகும். போகும் திசைதான் அணியம்! படகிலிருந்து வடம் பறக்கிறது. துறையில் நிற்பவர் கொக்கிக் கழியால் அதை இழுத்து முளையில் மாட்டுகிறார். பலகை இறங்குகிறது. நீலச் சீருடைக்காரர்களுக்கு இது ஒரு நாளில் எத்தனையாவது முறையோ, அவசரம் தெரியவில்லை.

இந்தப் படகுச் சேவையைத் தொடங்கியவர் நம் துணைக்கண்டத்துக்காரர். தோராப்ஜி நவ்ரோஜி மிட்டாய்வாலா என்ற பார்சி. பெயரில் மிட்டாய், பிழைப்பில் கப்பல்! 'மார்னிங் ஸ்டார்' என்ற நீராவிப் படகை விட்டார். பின்னால் வந்த படகுகளுக்கும் நட்சத்திரப் பெயர்தான். 1898இல் தொழில் கைமாறி, கல்கத்தாவில் பிறந்த ஆர்மீனியர் பால் சேட்டரின் நிறுவனத்திடம் போனது. ஸ்டார் பெர்ரி என்ற பெயர் அப்போது வந்தது.

கடலடிச் சுரங்கச் சாலை திறந்தது 1972இல். அதுவரை இரு கரைக்கும் நடுவே அன்றாடம் போய்வர வேண்டியவருக்குப் படகுதான் கதி. அதனால்தான் 1966இல் முதல் வகுப்புக் கட்டணம் 20 சென்ட்டிலிருந்து 25 ஆகப்போகிறது என்றதும் ஊர் கொதித்தது. ஏப்ரல் 4ஆம் தேதி ஸோ ஸௌ-சுங் என்ற இளைஞர் படகுத்துறை வாசலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். மறுநாள் கைது. அன்றிரவே கவுலூனில் கூட்டம் திரண்டது; அடுத்து அது கலவரமாகி, ஓர் உயிரும் போனது. ஐந்து சென்ட்டுக்கு இவ்வளவா என்று கேட்கலாம். கூலிக்காரனின் வயிற்றெரிச்சலை ஐந்து சென்ட்டால் அளக்க முடியாது.

எனக்கு வியப்பு வேறு. படகு அப்படியே இருக்கிறது, கடல்தான் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. கரையில் மண் கொட்டி நிலம் எடுக்க எடுக்க, படகுத்துறையும் தள்ளித் தள்ளி வைக்கப்பட்டது. 1957இல் இந்தக் கரையில் எழுந்த பழைய துறையிலும் ஒரு மணிக்கூண்டு இருந்தது. 2006 நவம்பர் 11ஆம் தேதி அங்கிருந்து கடைசிப் படகு போனபோது, வழியனுப்ப ஆயிரக்கணக்கில் கூடினார்கள். மறியலையும் மீறி டிசம்பரில் அந்தத் துறையை மணிக்கூண்டோடு இடித்தே விட்டார்கள். நான் நிற்கும் இந்தத் துறை அதற்குப் பதிலாக வந்தது. பார்க்கப் பழசு மாதிரி கட்டியிருக்கிறார்கள், மனசு ஏனோ ஒட்டவில்லை.

படகில் மேல்தளம் காற்றுக்கும் காட்சிக்கும். கீழ்த்தளத்தில் இயந்திரச் சத்தமும் எண்ணெய் வாடையும் உண்டு, கட்டணமும் குறைவு. என் ஓட்டு கீழ்த்தளத்துக்கே.

கதவு திறந்துவிட்டது. கூட்டத்தோடு உள்ளே போகிறோம். மர இருக்கைகளின் சாய்மானம் இன்னும் வந்த திசையைப் பார்த்தே இருக்கிறது. எனக்கு முன்னால் போன பாட்டி ஒருவர் கையிலிருந்த காய்கறிப் பையைக் கீழே வைத்து, சாய்மானத்தை 'டக்' என்று மறுபுறம் புரட்டிப்போட்டு உட்கார்கிறார்.