ஆன் கால் நேரமும் வேலை நேரமே

(துவாரகாவில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



துவாரகா 8ஆம் செக்டரில் தேசிய மருத்துவ ஆணையத்தின் தலைமை அலுவலகம் இருக்கிறது. நாட்டில் யார் மருத்துவராகலாம், எப்படிப் பயில வேண்டும், பயிலும் காலத்தில் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதற்கான விதிகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. அடுத்து 9ஆம் செக்டரில் தில்லி அரசின் இந்திரா காந்தி மருத்துவமனை. 1,241 படுக்கைகளுக்குத் திட்டமிடப்பட்ட அந்த மருத்துவமனை, 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையின் நடுவே, ஒரு பகுதிப் படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. சுற்றிலும் பெரிய தனியார் மருத்துவமனைகள். மருத்துவரின் வேலைநாளைப் பற்றிப் பேசுவதற்குத் தலைநகரில் இதைவிடப் பொருத்தமான இடம் எளிதில் கிடைக்காது.

மகனோ மகளோ மருத்துவம் படித்து முடித்து வேலை தேடும் வீடுகளில் முதலில் கேட்கப்படும் கேள்வி, சம்பளம் எவ்வளவு என்பது. அடுத்த கேள்வி, அரசு வேலையா தனியாரா என்பது. மாதத்துக்கு எத்தனை இரவுகள் ஆன் கால் டூட்டி, அந்த நேரம் எந்தக் கணக்கில் சேரும் என்ற கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்காமல் விடப்படும் இந்தக் கேள்விதான் முதல் கேள்விக்கான விடையைத் தீர்மானிக்கிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். ஒன்றிய அரசு நிறுவனங்களில் முதுநிலை பயிலும் ஜூனியர் ரெசிடென்ட் மருத்துவரின் தொடக்க அடிப்படை ஊதியம், ஏழாவது ஊதியக்குழுவின்படி 56,100 ரூபாய். பிற படிகள் தனி. வாரம் 48 மணி நேரம் உழைத்தால் மாதம் ஏறத்தாழ 208 மணி நேரம். மணிக்குச் சுமார் 270 ரூபாய் கிடைக்கும். வாரம் 74 மணி நேரமென்றால் மணிக்கு 175 ரூபாய். 100 மணி நேரமென்றால் 130 ரூபாய். ஊதியச் சீட்டில் ஒரு ரூபாயும் குறையவில்லை. ஆனால் மணிநேர ஊதியம் பாதிக்கும் கீழே போய்விட்டது. கூலியைக் குறைக்காமலேயே கூலியைக் குறைக்கும் இந்த வித்தையை ஆலைத் தொழிலாளி நூறாண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார். வெள்ளைக் கோட்டு அணிந்தவர்களுக்கு அது இப்போதுதான் புலப்படத் தொடங்கியிருக்கிறது.

கணக்கில் வரும் 48, 74 ஆகிய இரு எண்களும் கற்பனையல்ல. 1992 ஜூன் 5 அன்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் பிறப்பித்த ரெசிடென்சி நெறிமுறை, ஜூனியர் ரெசிடென்டுகள் சாதாரணமாக வாரம் 48 மணி நேரமே பணியாற்ற வேண்டும், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஆன் கால் பணியும் ஒரு தடவைக்கு 12 மணி நேரத்தைத் தாண்டலாகாது, வாரம் ஒருநாள் விடுப்பு வேண்டும் என்றது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2023 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகளில் எண் மறைந்து சொல் வந்தது: ‘நியாயமான’ வேலை நேரம், ‘நியாயமான’ ஓய்வு. கேட்பதற்கு இனிமையான சொல்தான். ஆனால் எண்ணை மீறினால் மீறல் என்று நிரூபிக்கலாம். நியாயத்தை மீறியதாக எப்படி நிரூபிப்பது? மறுஆண்டு, மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து ஆணையமே அமைத்த பணிக்குழு மீண்டும் ஓர் எண்ணைச் சொன்னது. அது 74. வாரத்தில் ஒரு 24 மணி நேரப் பணி, ஐந்து நாள்கள் பத்துப் பத்து மணி நேரம், ஒருநாள் ஓய்வு.

அந்த 74, இன்றைய நடைமுறையைவிட மேம்பட்டது என்பதால் பலர் வரவேற்றனர். வரலாறு தெரிந்தவர்களுக்கு அது உறுத்தும். 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு 8 மணி நேர நாளையும் 48 மணி நேர வாரத்தையும் ஏற்று, தன் முதல் உடன்படிக்கையை இயற்றியது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு அதில் விதிவிலக்கு. வாரம் 60 மணி நேரம் என்று எழுதினார்கள். அந்தக் காலனியச் சலுகையே அவமானமெனக் கருதப்பட்ட காலத்தில்தான், 1923இல், சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றினார். இன்று சுதந்திர இந்தியாவின் மருத்துவருக்குச் சீர்திருத்தமாக முன்வைக்கப்படும் வாரம், காலனிய ஆலைத் தொழிலாளியின் வாரத்தைவிட 14 மணி நேரம் நீளமானது.

இந்த நிலை எங்கிருந்து வந்தது? ‘ரெசிடென்ட்’ என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. உறைபவர், அதாவது மருத்துவமனையிலேயே குடியிருப்பவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆஸ்லரும் ஹால்ஸ்டெட்டும் உருவாக்கிய பயிற்சி முறை அது. பயிற்சி மருத்துவர் அங்கேயே தங்கி, அழைத்த நேரத்தில் வந்து நிற்க வேண்டும். ஓய்வறியா உழைப்பை இலக்கணமாக்கிய அந்த ஹால்ஸ்டெட், கொக்கைனுக்கும் பின்னர் மார்ஃபினுக்கும் அடிமையாக இருந்தவர் என்பதையும் மருத்துவ வரலாறு பதிவு செய்திருக்கிறது. குடியிருப்பு போய்விட்டது, அழைப்பு மட்டும் எஞ்சி நிற்கிறது.

ஆன் கால் நேரம் வேலையா ஓய்வா என்ற வழக்கை ஐரோப்பிய மருத்துவர்கள் நீதிமன்றம் வரை கொண்டுசென்றனர். 2000ஆம் ஆண்டு ஸ்பெயினின் வலென்சியா வட்டார மருத்துவர்களின் சங்கம் தொடுத்த வழக்கில், மருத்துவ நிலையத்தில் இருந்தபடி காத்திருக்கும் நேரம் முழுவதும் வேலை நேரமே என ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. 2003இல் ஜெர்மனியின் கீல் நகர மருத்துவர் யேகரின் வழக்கு வந்தது. மருத்துவமனை அவருக்கு ஓர் அறையும் கட்டிலும் கொடுத்திருந்தது. அழைப்பில்லாத வேளையில் தூங்கலாம். தூங்கினாலும் அது வேலை நேரமே, ஏனெனில் அவர் தன் வீட்டில், தன் விருப்பப்படி இல்லை என்றது தீர்ப்பு. 2018இல் பெல்ஜியத் தீயணைப்பு வீரர் ஒருவரின் வழக்கு இன்னும் ஒரு படி மேலே போனது. வீட்டிலேயே இருந்தாலும் எட்டு நிமிடத்துக்குள் வந்து சேர வேண்டுமென்றால் அதுவும் வேலை நேரம்தான் என்று தீர்ப்பாயிற்று.

துவாரகாவில் வேலை தேடும் இளம் மருத்துவர் தனியார் மருத்துவமனையின் நியமனக் கடிதத்தைப் படிக்கும்போது இந்த எட்டு நிமிடத்தை நினைவில் கொள்வது நல்லது. சிறப்பு மருத்துவர்களுக்குச் சில மாதங்களுக்கு ‘மினிமம் கேரண்டி’, அதன்பின் பார்த்த நோயாளிக்கேற்ற பங்கு என்பது பரவலாக உள்ள ஏற்பாடு. அதன்கீழ் இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் சொல்லும் ஆலோசனைக்குப் பெரும்பாலும் விலை கிடையாது. ஆன் கால் மருத்துவமனைக்குள்ளா வீட்டிலிருந்தா, அழைத்தால் எத்தனை நிமிடத்தில் வர வேண்டும், இரவு முழுக்க விழித்தால் மறுநாள் புறநோயாளிப் பிரிவு உண்டா இல்லையா, துறையில் எத்தனை பேர் முறை வைத்துப் பகிர்கிறார்கள், ஒருவர் விடுப்பில் போனால் அவரது இரவு யார் தலையில் விழும்? இவை எழுத்தில் இல்லாத கடிதத்தில் சம்பளத் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்குப் பொருளில்லை. நான்கு பேர் பகிரும் ஆன் கால் இரண்டு பேர் தலையில் விழுந்தால், அதே சம்பளம் வேறு சம்பளம்.

2021இன் இறுதியில் தில்லி மருத்துவமனைகளில் நடந்தது இதுதான். முதுநிலை நீட் தேர்வு தள்ளிப்போய், கலந்தாய்வும் நின்றுபோனதால் முதலாண்டு மாணவர்கள் வரவேயில்லை. மூன்று ஆண்டு மாணவர்கள் செய்ய வேண்டிய வேலையை இரண்டு ஆண்டு மாணவர்கள் சுமந்தார்கள். டிசம்பர் 27 அன்று ஊர்வலம் சென்ற மருத்துவர்களைக் காவல்துறை ஐ.டி.ஓ. அருகே தடுத்துப் பிடித்தது. ஒரு வகுப்பு சேராவிட்டால் நாட்டின் தலைநகர மருத்துவமனைகளே தடுமாறுமென்றால், அவை மாணவர்களின் தோளில் ஓடுகின்றன என்பது வெளிப்படை. நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல், ‘பயிற்சி’ என்ற பெயரில் மலிவான உழைப்பைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு இது. இடையில் விலகினால் இலட்சக்கணக்கில் கட்ட வேண்டிய பிணைப் பத்திரமும் பல மாநிலங்களில் இருந்துவந்தது. இத்தகைய வேலையை ‘ஆய்ந்து தேர்ந்தெடு’ என்று அறிவுரை கூறுவது எளிது.

2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் கொடூரமாகக் கொல்லப்பட்ட பயிற்சி மருத்துவர், நெடுநேரப் பணியின் நடுவே கருத்தரங்க அறையில் ஓய்வெடுக்கச் சென்றவர். 36 மணி நேரப் பணி மனிதத்தன்மையற்றது என்று உச்சநீதிமன்றம் அப்போது கூறியது. அதைச் சொல்ல ஒரு உயிர் போக வேண்டியிருந்தது.

மருத்துவர் நல்ல வருவாய் பெறுபவர்தானே, தொழிலாளர் கட்சிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கட்டிலில் கிடப்பவர் யார் என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். தனியார் மருத்துவமனைக்குப் போக வழியற்ற கட்டடத் தொழிலாளியும் வீட்டுவேலை செய்யும் பெண்ணும்தான் முப்பதாவது மணி நேரத்தில் நிற்கும் மருத்துவரின் கையில் இருக்கிறார்கள். 1984இல் நியூயார்க்கில் லிபி ஜியோன் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் இறந்ததையடுத்து எழுந்த கிளர்ச்சிதான், 1989இல் அம்மாநிலத்தில் வாரம் 80 மணி நேர வரம்பைக் கொண்டுவந்தது. நோயாளியின் தந்தை மருத்துவரின் வேலை நேரத்துக்காகப் போராடினார்.

தவறு நேர்ந்தால் இங்கே என்ன ஆகும்? பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவின்படி, அலட்சியத்தால் மரணம் விளைவித்த மருத்துவருக்கு இரண்டாண்டு வரை சிறை. ஆனால் அவருக்கு 36 மணி நேர முறை எழுதிய டூட்டிப் பட்டியல் கூண்டில் ஏறுவதில்லை. ‘மூலதனம்’ முதல் தொகுதியில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு லண்டன் ரயில்வே ஊழியர்கள் மூவர் நினைவுக்கு வருவார்கள். கார்டு, ஓட்டுநர், சிக்னல்காரர். நாற்பது, ஐம்பது மணி நேரம் இடைவிடாமல் உழைத்ததால் கண்ணும் மூளையும் வேலை செய்ய மறுத்ததாக அவர்கள் கூறியும், விபத்து விசாரணையில் குற்றம் அவர்கள் மீதே சாட்டப்பட்டது. ரயில் பெட்டிக்குப் பதில் வார்டு. மற்றபடி கதை அதேதான்.

எட்டாவது ஊதியக்குழு அமைக்கப்பட்டிருக்கிறது. அடிப்படை ஊதியம் எத்தனை மடங்காகும் என்ற பேச்சு மருத்துவமனை கேண்டீன்களிலும் கேட்கும். அந்தத் தொகை எதனால் வகுக்கப்படும் என்பதை ஊதியக்குழு தீர்மானிக்காது. 1992ஆம் ஆண்டு நெறிமுறையில் உள்ள 48ஐ ஆணையத்தின் விதிமுறைக்குள் எண்ணாகவே எழுதுவது, ஆன் கால் நேரத்தை வருகைப் பதிவேட்டில் ஏற்றுவது, ஒவ்வொரு துறையின் டூட்டிப் பட்டியலையும் நோயாளிகளும் படிக்கும்படி வார்டு வாசலில் ஒட்டுவது என்ற மூன்றையும் மருத்துவர் சங்கங்களும் செவிலியர் சங்கங்களும் சேர்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. விதிமுறையைத் திருத்த வேண்டிய அலுவலகம் 8ஆம் செக்டரில் இருக்கிறது.