தேர்வு எண்ணும் தேர்வரின் அந்தரங்கமும்

(அரசு அலுவலர்களும் மாணவர்களும் பங்கேற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் நாளிதழ்களில் வெளியான காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பக்கம் பக்கமாக எண்கள், பெயர் இராது. காகிதச் செலவைக் கருதிய ஏற்பாடாகவே அது இருந்திருக்கலாம். ஆயினும், தோல்வியுற்ற மாணவன் தன் தோல்வியைத் தானே வீட்டாரிடம் சொல்லிக் கொள்ளும் உரிமையை அந்த எண் அவனுக்கு விட்டு வைத்தது.

இன்று நிலைமை வேறு. தேசியத் தேர்வு முகமை 2024-இல் நடத்திய இளநிலை மருத்துவ நுழைவுத் தேர்வை மட்டும் 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். ஒவ்வொருவரும் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, முகவரி, கைபேசி எண், புகைப்படம், கையொப்பம், விரல் ரேகை, இடஒதுக்கீட்டுப் பிரிவு, உடற்குறை இருப்பின் அதன் விவரம் ஆகிய அனைத்தையும் ஒப்படைக்கின்றனர். ஆள்மாறாட்டத்தைத் தடுக்க இவற்றுள் பல தேவையே. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் விவரங்கள் கசிவது பெரிய கணிப்பொறி மையங்களில் மட்டுமன்று. சிற்றூர் மாணவி ஒருத்தி விண்ணப்பம் நிரப்புவதை எண்ணிப் பாருங்கள். வீட்டில் கணிப்பொறி இல்லை. கடைத்தெருவிலுள்ள இன்டர்நெட் மையத்துக்குச் செல்கிறாள். ஆதாரும் சாதிச் சான்றிதழும் அங்கே நகலெடுக்கப்பட்டு, அந்த இயந்திரத்திலேயே தங்கிவிடுகின்றன. கடவுச்சொல்லைக் கடைக்காரரே அமைக்கிறார். சில வேளைகளில் கைபேசி எண்ணும் அவருடையதே. அவர் நல்லவராகவே இருக்கலாம். எனினும் கடவுச்சொல்லும் ஒருமுறைக் குறியெண்ணும் பிறர் கையில் இருந்தால், கலந்தாய்வில் அவளது கல்லூரி விருப்ப வரிசையை மாற்றிவிட இயலும். அங்கே போவது ஓராண்டு உழைப்பு.

என் உறவினர் வீட்டுப் பையனுக்கு, விண்ணப்பித்த ஒரு வாரத்துக்குள் மூன்று பயிற்சி நிலையங்களிலிருந்து அழைப்பு வந்தது. அவன் பெயர், பாடப்பிரிவு, ஊர் அனைத்தும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. எண் எங்கே கிடைத்தது என்று கேட்டதும் இணைப்பைத் துண்டித்தனர். தேர்வறை வருகைப் பட்டியலைக் கைபேசியில் படமெடுத்துக் குழுக்களில் அனுப்பும் வழக்கத்தையும் நான் கண்டிருக்கிறேன். அவசரத்துக்குச் செய்வதுதான், ஆனால் அனுப்பிய படத்தை யார் திரும்பப் பெறுவது?

அந்தரங்கம் காத்தால் வெளிப்படைத்தன்மை கெடும் என்று அலுவலர்கள் சிலர் சொல்வர். நீதிமன்றங்கள் அவ்வாறு கருதவில்லை. தேர்வர் தம் விடைத்தாளைத் தாமே பார்வையிடலாம் என்று 2011-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், திருத்தியவரின் அடையாளத்தை மறைக்கவும் இடமளித்தது. 2024-இல் மருத்துவ நுழைவுத் தேர்வு முறைகேட்டு வழக்கில், மையவாரியாக மதிப்பெண்களை வெளியிடுமாறும், மாணவர் அடையாளத்தை மறைத்து வெளியிடுமாறும் ஒரே ஆணையில் கூறியது. ஐயத்துக்குரிய மையங்களை நாடே ஆராய்ந்தது. எந்த மாணவரின் பெயரும் அதற்குத் தேவைப்படவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அறிவித்தனர். 2023-இல் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டபோது, முதன்மையான கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம் தரப்பட்டது. பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர் அனைவரும் இச்சட்டத்தின்படி குழந்தைகளே. நுழைவுத் தேர்வு எழுதுவோரில் மிகப் பலர் அந்த வயதினர் என்பதை அலுவலர்கள் குறித்துக் கொள்ள வேண்டும்.

சட்டத்தில் ஓர் இடைவெளியும் உண்டு. நோக்கம் நிறைவேறியதும் விவரங்களை அழித்துவிட வேண்டும் என்ற கடமை, அரசுக்கும் அரசின் அங்கமான அமைப்புகளுக்கும் பொருந்தாது என 17-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. எனவே இடம் கிடைக்காத மாணவரின் விரல் ரேகை எத்தனை ஆண்டுகள் கோப்பில் இருக்கும் என்பதை ஒவ்வொரு தேர்வு அமைப்பும் தானே முடிவு செய்தாக வேண்டும். அந்தக் காலவரம்பை அடுத்த அறிவிக்கையிலேயே, கட்டண விவரத்துக்குப் பக்கத்தில், மாணவர் படிக்கும் மொழியில் அச்சிடுங்கள் என்று இங்கே வந்துள்ள அலுவலர்களைக் கேட்டுக் கொள்கிறேன்.